ஏழாவது சங்கு

— அதுக்கில்லம்மா. சுவரு அழகாத்தான் இருக்கு. நான் கேக்குறது மூணாவது போட்டோவ.

— பதினோரு போட்டோ அனுப்பியிருக்கேன், பெர்னிஸ். ஜன்னல சுத்தி சிப்பி ஒட்டியிருக்கேன், மாதா படத்த சுத்தி ஒட்டியிருக்கேன். சுவத்துல டேடி பாதியில விட்ட அந்த ரயிலுக்கு பெட்டி, சக்கரம் எல்லாம் சிப்பி வெச்சு முடிச்சிருக்கேன். அத பத்தி ஒரு வார்த்தை கிடையாது. மூணாவது போட்டோவாம்.

— ரயிலு நல்லா இருக்கு.

— எட்டு மாசமா எஞ்சின் மட்டும் தனியா நின்னுச்சு. நாற்காலியில உக்காந்தா டேடிக்கு கண்ணு நேரா அங்கதான் போகும். ஸ்ட்ரோக் வர்றதுக்கு மொத நாளு அந்த வலது கையாலதான் ஒட்டினாரு. அதான், இந்த தடவ முடிச்சே தீருறதுன்னு ராத்திரியெல்லாம் உக்காந்தேன். பசை சுட்டு ரெண்டு விரல் கொப்புளம்.

— அம்மா. அந்தப் போட்டோவ திறங்க.

— போன காதுல வெச்சுகிட்டு எப்படி திறக்க?

— ஸ்பீக்கர்ல போடுங்க.

— போட்டாச்சு. இப்ப டேடிக்கும் கேக்கும். மரியாதையா பேசு.

— கண்ணாடிக் கிண்ணம், அந்த மங்குல தண்ணி ஊத்தி ஏழு சங்கு வெச்சிருக்கீங்கல்ல. நடுவுல இருக்குறது, பழுப்பா, மேல முக்கோணம் முக்கோணமா கோடு போட்டது.

— பாத்திக் துணி மாதிரி இருக்கே, அதுவா? அதுதான் எல்லாத்துலயும் அழகு. அத ஒட்ட மனசு வரல. அதான் தனியா வெச்சேன்.

— அது எங்க கெடச்சுச்சு?

— தியோமான் தீவுல. மாதர் சங்கத்தோட போனேன்ல. நீ வெள்ளிக்கிழமை வந்து டேடிய பாத்துக்குறேன்னு சொல்லிட்டு வராம போனியே, அந்த டிரிப்பு.

— வேலை இருந்துச்சும்மா.

— தெரியும்லா. ரவாங்ல தண்ணி டெஸ்ட் பண்ற வேலைக்கு ஞாயித்துக்கிழமையும் லீவு இல்ல. சுங்கை வே அத்தை வந்து பாத்துகிட்டாங்க. சொல்லிக் காட்டல, சும்மா சொல்றேன்.

— அந்த சங்கு மணல்ல கெடந்துச்சா? தண்ணிக்குள்ளயா?

— என்னா, போலீஸ் மாதிரி கேக்குற.

— சொல்லுங்கம்மா.

— தண்ணிக்குள்ளதான். முட்டி அளவு தண்ணி, பாறை ஓரம். கரையில கெடந்தது எல்லாம் உடஞ்சது. பக்கத்து வீட்டு புஷ்பவல்லி ஆன்டிதான் சொன்னாங்க, உள்ள இருக்குறதுதான் பளபளன்னு இருக்கும்னு. படகுக்காரன் தூரத்துல இருந்து ஜாங்கான், ஜாங்கான்னு கத்துனான். எடுக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் பேசுறான்னு நான் கண்டுக்கல.

— எடுக்கக் கூடாதுதான். அது அப்புறம். கையில எடுத்தப்ப கனமா இருந்துச்சா?

— நல்ல கனம். மத்ததெல்லாம் அப்பளம் மாதிரி.

— கனமா இருந்தா உள்ள ஆளு இருக்குன்னு அர்த்தம்.

— உள்ள ஏதாச்சும் இருந்தா இந்நேரம் நாறியிருக்கும். முப்பது வருஷமா சங்கு பொறுக்குறேன், எனக்குத் தெரியாதா? பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்பவே அஞ்சு மைலோ டின்னு நிறைய வெச்சிருந்தேன். எது நாறுச்சு?

— அது போர்ட் டிக்சன்ல கரை ஒதுங்கினதும்மா. செத்துப் போயி காலியானது. இது உயிரோட இருக்கு. போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். வாய்ப்பக்கம் சின்னக் குழாய் மாதிரி ஒண்ணு வெளிய நீட்டிகிட்டு இருக்கு. ராத்திரி முழுக்க சாதா தண்ணியில இருந்திருந்தா செத்திருக்கும். என்ன தண்ணி ஊத்தினீங்க?

— கடல் தண்ணி. நாலு பாட்டில் புடிச்சுட்டு வந்தேன்.

— எதுக்கு?

— எதுக்கா? எட்டு மாசமா கடல பாக்காம கெடக்குறாரு மனுஷன். கோவில்ல இருந்து தீர்த்தம் கொண்டு வர மாதிரி கொண்டு வந்தேன். கால நனைக்கட்டும்னு. இப்ப நத்தை உயிரோட இருந்தா என்னா? இருந்துட்டுப் போகுது.

— அது கோன் ஷெல்லுன்னு ஒரு வகை. ஊசி வெச்சிருக்கும்மா.

— நத்தைக்கு ஊசியா?

— வாய்க்குள்ள. இன்ஜெக்‌ஷன் ஊசி மாதிரி. இரைய குத்தி விஷத்த ஏத்தும். யாராச்சும் கையில புடிச்சா அவங்களையும் குத்தும்.

— படிச்சுப் படிச்சு உனக்கு எல்லாத்துலயும் பயம். சின்ன வயசுல தும்பிய பாத்து அழுதவதானே நீ. நான் அத மூணு நாளா தூக்கிட்டுத் திரியுறேன், எனக்கு என்னா ஆச்சு?

— உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆளுங்க செத்திருக்காங்கம்மா. நான் சும்மா சொல்ல மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்.

— சரி, சரி. என்னா செய்யணும்?

— தொடாதீங்க. அந்த மங்கு எங்க இருக்கு?

— இங்கதான், டேடி பக்கத்துல ஸ்டூல் மேல.

— அந்த சங்கு இப்ப எந்தப் பக்கம் பாத்து இருக்கு?

— மங்குல ஒண்ணும் இல்லலா. தண்ணி மட்டும்தான்.

— ஒண்ணும் இல்லன்னா?

— நான்தான் எடுத்தேன். தெரப்பிக்கு.

— என்ன தெரப்பி?

— நீ வந்தாதானே தெரியும். ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. துணிப் பைக்குள்ள சாமான போடணும். டேடி வலது கைய உள்ள விட்டு, கண்ணால பாக்காம, என்னான்னு சொல்லணும். கைக்கு உணர்ச்சி திரும்புறதுக்கு. ஸ்பூன் போட்டேன், துணி கிளிப்பு போட்டேன், உருளைக்கிழங்கு போட்டேன். ஒண்ணும் தெரியல அவருக்கு. சங்குன்னா அந்தக் கை மறக்காதுன்னு நெனச்சேன். ஏழையும் பையில போட்டேன்.

— எப்ப?

— உனக்குப் போட்டோ அனுப்பிட்டு. ஒன்பது, ஒன்பதே கால் இருக்கும்.

— இப்ப பத்தே முக்கால். பை எங்க?

— டேடி மடியில.

— டேடி கை?

— பைக்குள்ள.

— அம்மா, பதறாதீங்க. நான் சொல்றத மட்டும் செய்ங்க. பைய அமுக்காதீங்க. டேடியோட முழங்கைய புடிச்சு, கைய மெதுவா வெளிய எடுங்க. மெதுவா. எடுத்துட்டு சொல்லுங்க.

— ஏசுவே. என்னாங்க, கைய குடுங்க. ஒண்ணும் இல்ல, கைய குடுங்க.

— கிஷன், இங்க வா. உன் போன்ல 999 அடி. ஊரு கிள்ளான்னு சொல்லு, அட்ரஸ் இந்தப் பேப்பர்ல இருக்கு. ஸ்ட்ரோக் வந்தவரு, சுகரும் இருக்கு, கடல் நத்தை குத்தியிருக்கலாம்னு சொல்லு. சிரிக்காத, அப்படியே சொல்லு.

— யாருகிட்ட பேசுற?

— கூட வேலை செய்றவருகிட்ட. ஆம்புலன்ஸுக்கு.

— ஆம்புலன்ஸா?

— கை வெளிய வந்துச்சா?

— வந்துச்சு. கையில ஒண்ணும் இல்ல. விரலு மடங்கியேதான் இருக்கு, எப்பவும் போல.

— உள்ளங்கை எப்படி இருக்கு?

— பிசுபிசுன்னு. ஜவ்வரிசி கஞ்சி பட்ட மாதிரி.

— அப்ப அது டேடி கையில இருந்திருக்கு. பைய மடியில இருந்து எடுங்க. மேல் ஓரத்த மட்டும் புடிங்க. தரையில தட்டு வெச்சு, கிடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்துப் போடுங்க. கால்ல செலிப்பார் போட்டிருக்கீங்களா?

— வீட்டுக்குள்ள யாரு செலிப்பார் போடுவா?

— இன்னிக்கு போடுங்க.

— போட்டாச்சு. இரு. ஒண்ணு. ரெண்டு. வெள்ளை ஒண்ணு, மூணு. நாலு. இது புள்ளி போட்டது, அஞ்சு. ஆறு.

— ஏழு?

— பை காலி.

— உதறிப் பாருங்க.

— உதறிட்டேன், பெர்னிஸ். இல்ல.

— நாற்காலி இடுக்குல? டேடி சட்டை மடிப்புல?

— இல்ல. கீழயும் இல்ல. நான் பின்னால துணி காயப் போட்டுகிட்டு இருந்தேன், ஒரு மணி நேரம் இவரு தனியாத்தான் இருந்தாரு. கதவு பக்கம் போயிருக்குமா?

— அவ்வளவு வேகமா போகாது. அத விடுங்க இப்ப. டேடி கைய வெளிச்சத்துல பாருங்க. ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளி இருக்கா? சுத்தி செவந்தோ நீலமாவோ இருக்கலாம்.

— இருக்கு.

— எங்க?

— எங்கன்னு சொல்ல? எல்லா விரல்லயும் இருக்கு. தினம் காலையில சுகர் பாக்க நான் குத்துறேன்ல.

— வலது கையிலயா குத்துறீங்க?

— அதுலதான். அதுல வலிக்காது பாரு. இடது கைய எதுக்கு வேதனைப்படுத்தணும்? எட்டு மாசமா அஞ்சு விரலும் மாத்தி மாத்தி. சல்லடை மாதிரி ஆயிருச்சு.

— இன்னிக்கு எந்த விரல்?

— மோதிர விரலு. இல்ல, நடு விரலா. ஒழுங்கா காட்டினாதானே. ஒரு வாரமா ஊசிய எடுத்தாலே மூஞ்ச திருப்பிக்குறாரு. அத்தையும் அதையேதான் சொன்னாங்க, ரொம்ப அடம் புடிக்குறான்னு. இது எல்லாமே ஒரே மாதிரி இருக்கு, பெர்னிஸ். எது நான் குத்தினது, எது அது குத்தினதுன்னு எனக்குத் தெரியல.

— சரி. அடுத்தது. ஒரு நீளத் துணி எடுங்க. விரல்ல இருந்து முழங்கை வரைக்கும் இறுக்கி சுத்துங்க. கைய ஆட்ட விடாதீங்க, தலைகாணி மேல வைங்க.

— கட்டுறேன். தலைகாணியும் வெச்சாச்சு.

— க…

— டேடி ஏதோ சொல்றாரு.

— கப்பு.

— தண்ணி கேக்குறாரு. அந்த மூடி போட்ட கப்புலதான் குடிப்பாரு. மூடிய தொறக்குறது, மூடுறது எல்லாம் இடது கையாலயே நல்லா பழகிட்டாரு.

— இப்ப குடுக்காதீங்க. விஷம் ஏறியிருந்தா முழுங்க முடியாம போகும். அம்மா, டேடி கண்ணப் பாருங்க. இமை தொங்குதா?

— வலது பக்கம் தொங்குது.

— எப்பவும் தொங்குறத விட அதிகமா?

— எப்பவும் தொங்கும். இன்னிக்கு அதிகமா தொங்குற மாதிரி இருக்கு. இல்ல, நீ கேட்டதால அப்படித் தெரியுதா.

— ஒதடு?

— அதுவும் எப்பவும் கோணிதான் இருக்கும்.

— மூச்சு?

— சரியாத்தான் விடுறாரு. கொஞ்சம் வேகமா. நாம கத்துறத கேட்டு பயந்திருப்பாரு.

— நான் கத்தல.

— நீ கத்துற, கேர்ள். இவ்வளவு சத்தமா நீ பேசி நான் கேட்டதே இல்ல.

— கிஷன், என்ன சொன்னாங்க? இருவது நிமிஷமா? சீக்கிரம் வர முடியுமான்னு கேளு. அம்மா, வாசல் கேட்டு பூட்டியிருக்கா?

— தொறந்துதான் இருக்கு. நீ சொல்லு, டேடிக்கு என்னா ஆகும்?

— ஒண்ணும் ஆகாம இருக்கலாம். குத்தியிருந்தா மொதல்ல அந்த எடம் மரத்துப் போகும்.

— அது ஏற்கனவே மரத்த கை.

— தெரியும். அதான் பிரச்சினை. அப்புறம் பேச்சு குழறும்.

— அதுவும் ஏற்கனவே.

— தெரியும்மா. டேடிகிட்ட போன கிட்ட கொண்டு போங்க. டேடி, நான் பெர்னிஸ். ஏதாச்சும் பேசுங்க. என்னா வேணாலும்.

— பா… பாப்பா.

— இன்னும் கொஞ்சம் பேசுங்க, டேடி.

— லைன்… கிளியர்.

— அம்மா, இது எப்பவும் பேசுற மாதிரியா? இன்னிக்கு ஜாஸ்தியா குழறுதா? சொல்லுங்க, எனக்குத் தெரியல.

— உனக்கு எப்படித் தெரியும்? ஞாயித்துக்கிழமை தவறாம நான் போன அவரு காதுல வெக்குறேன். ரெண்டு நிமிஷத்துல லைன் சரியில்லம்மான்னு வெச்சுடுற.

— லைன் நல்லாத்தான் இருந்துச்சு.

— அப்புறம்?

— டேடி பேசுறது எனக்குப் புரியல. திருப்பி சொல்லுங்கன்னு எத்தன தடவ கேக்குறது? கேட்டா அவருக்குக் கஷ்டமா இருக்கும். அதான் வெச்சுடுவேன். ரெண்டு மாசமா வராததும் அதனாலதான். வேலை எல்லாம் இல்ல. இப்ப டேடி பேச்சு மாறிப் போச்சா இல்லையான்னு பாக்க, முன்ன எப்படிப் பேசினாருன்னு எனக்குத் தெரியல. பெத்த பொண்ணுக்குத் தெரியல. வேத்து ஆளு மாதிரி உங்கள கேட்டுகிட்டு இருக்கேன்.

— அழாத. இப்ப அழாத. இப்படித்தான் பேசுவாரு. லைன் கிளியர் மட்டும் தினம் சொல்வாரு. குளிப்பாட்டி முடிச்சா சொல்வாரு, சாப்புட்டு முடிச்சா சொல்வாரு. நிசமாவே சரியா இருந்தாத்தான் சொல்வாரு. ரயில்வே சிக்னல் கேபின்ல முப்பத்தொரு வருஷம் இருந்த மனுஷன், அந்த வார்த்தைய சும்மா சொல்ல மாட்டாரு.

— அவருக்குத் தெரியாம இருந்தா? உணர்ச்சி இல்லாத கைம்மா. குத்தியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. அதனால கிளியர்னுதான் சொல்வாரு.

— நான்தான் போட்டேன். என் கையால எடுத்து பையில போட்டேன். கைய உள்ள விடுங்க, விடுங்கன்னு நானே புடிச்சு விட்டேன்.

— அம்மா.

— அவருக்கு ஒரே ஒரு தடவ, இது சங்குடின்னு சொல்லத் தெரிஞ்சா போதும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கல.

— உங்க தப்பு இல்ல. நான் வெள்ளிக்கிழமை வந்திருந்தா, நேத்து நீங்க வந்து இறங்கினப்பவே பாத்திருப்பேன்.

— பா…ப்பா. கப்பு.

— வாயெல்லாம் காஞ்சு போச்சு, பாவம். ஒரே ஒரு வாய் குடுக்கவா? கப்ப எடுத்துட்டேன்.

— வேணாம்மா. ஆம்புலன்ஸ் வரட்டும்.

— குடிக்க… இல்ல.

— என்னாங்க?

— நத்த. கப்புல.

— டேடி, என்ன சொன்னீங்க? திருப்பி சொல்லுங்க. எனக்குப் புரியல, மெதுவா சொல்லுங்க, நான் இருக்கேன். வெக்க மாட்டேன்.

— நத்தைய… கப்புல… போட்டேன். மூடி… போட்டேன்.

— அம்மா, கப்பு உங்க கையிலயா இருக்கு?

— என் கையிலதான்.

— கீழ வைங்க. சாய்க்காம. மூடி இறுக்கமா இருக்கா? வெளிய இருந்து பாருங்க.

— இருக்கு. உள்ள அந்தப் பாத்திக் சங்கு. ஏசுவே, இந்தத் தண்ணியவா நான் இப்ப குடுக்கப் போனேன். நகருது, பெர்னிஸ்.

— நீங்க தள்ளி வாங்க. டேடி, அத எந்தக் கையால கப்புல போட்டீங்க?

— இது… இந்தக் கைய வெளிய எடுத்து… சாச்சு… போட்டேன். மூடி… இடது.

— இடது கையால தொடல? வலது கையில இருந்து நேரா கப்புக்குள்ள விழுந்துச்சா?

— ம்.

— அப்புறம் கைய மறுபடி பையில விட்டுட்டீங்க.

— அம்மா… திட்டுவா.

— கேட்டியா, நான் திட்டுவேனாம்.

— இருங்கம்மா. டேடி, அது உயிரோட இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? கண்ணால பாத்தீங்களா?

— பை… உள்ள இருட்டு. நகந்துச்சு. கையில. தண்ணி… தேடுதுன்னு. பாவம்ல.

— இடது கைய பைக்குள்ள விட்டீங்களா?

— இல்ல.

— இடது கை எப்பவும் நாற்காலிக் கைப்பிடியிலதான் இருக்கும், பெர்னிஸ். சாஞ்சு விழுந்துருவாருன்னு நான் புடிச்சுக்க சொல்லியிருக்கேன்.

— டேடி, அது உங்கள குத்துச்சா?

— இல்ல.

— உங்களுக்குத் தெரியாது, டேடி. அந்தக் கையில குத்தினா உங்களுக்குத் தெரியாது. அதுக்குத்தான் ஆம்புலன்ஸ வர சொல்லியிருக்கோம். பயப்படாதீங்க, டாக்டர் பாக்கட்டும்.

— தெரியும்.

— எப்படி டேடி?

— அம்மாகிட்ட… சொல்லு பாப்பா. நாளையில இருந்து சுகர் ஊசிய… இடது கையில குத்தட்டும். வலது கை… வலிக்குது.